மிதிவெடி அகற்றலும் வான்படப் பகுப்பாய்வும்: குரோசிய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

மிதிவெடி அகற்றுபவரின் தொழில் மிக மெதுவானது. ஒரு மீற்றர் அகலமுள்ள பாதையைக் கயிறு பிடித்து வகுத்துக்கொள்வார். உலோகங்காட்டியை நிலத்துக்கு மேலாக அசைப்பார். அது ஒலித்த இடத்தில் முழந்தாளிட்டு, மண்ணைப் பக்கவாட்டிற் சிறிது சிறிதாக அகழ்ந்து பார்ப்பார். பெரும்பாலும் வெளிப்படுவது ஓர் ஆணியாக இருக்கும். அல்லது ரவைக் கோதாக, தகரத் துண்டாக இருக்கும். எனினும் ஒவ்வோர் ஒலியையும் மிதிவெடியென்று கருதியே அவர் நடந்துகொள்ளல் வேண்டும். மண்ணின் தன்மையையும் புதர்களின் அடர்த்தியையும் பொறுத்து, ஒருவர் ஒரு நாளில் துப்புரவாக்கக்கூடியது சில பத்துச் சதுர மீற்றர் நிலமே.

இந்த வேகத்தை ஒரு நாட்டின் பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிரச்சினையின் உண்மையான பருமன் விளங்கும். முன்னைய யூகோசிலாவியாவின் ஒரு பகுதியான குரோசியாவில் 1991 தொடக்கம் 1995 வரை போர் நடந்தது. 1996 இல் செய்யப்பட்ட முதல் மதிப்பீட்டின்படி அந்நாட்டில் மிதிவெடி இருக்கலாமெனச் சந்தேகிக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீற்றர். ஒருவர் நாளொன்றுக்கு 40 சதுர மீற்றர் வீதம், ஆண்டில் 250 நாள் வேலை செய்வதாகக் கொள்வோம். அத்தகைய ஆயிரம் பேர் சேர்ந்து ஓராண்டில் முடிப்பது 10 சதுர கிலோமீற்றர். முழு நிலத்தையும் முடிக்க 1,300 ஆண்டுகள் செல்லும். ஆனால் பத்தாண்டுகளுக்குள் அச்சந்தேக நிலம் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீற்றராகக் குறைந்துவிட்டது. மிகுதி நிலத்தை எவரும் முழந்தாளிட்டு அகழ்ந்து முடிக்கவில்லை. அதன் பெரும்பகுதியில் மிதிவெடி புதைக்கப்பட்டிருக்கவே இல்லை. சந்தேகம் மாத்திரமே அந்நிலத்தின்மீது கிடந்தது.

இவ்விடத்திற் பலராலும் மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு மிதிவெடியைச் செய்ய 3 முதல் 30 டொலர் வரை செலவாகும், அதனை அகற்றுவதற்கு 300 முதல் 1,000 டொலர் வரை செல்லும் என்பது 1990களில் ஐக்கிய நாடுகள் சபையின் வெளியீடுகளில் அடிக்கடி இடம்பெற்ற செய்தி. ஆயுத வியாபாரத்தின் அறமின்மையை எடுத்துக்காட்ட அது பயன்பட்டது, அவ்வகையில் நன்றே. எனினும் அக்கணக்கு ஓர் உண்மையை மறைத்தும் விடுகிறது. அகற்றலுக்கான செலவின் பெரும்பங்கு மிதிவெடியை எடுப்பதற்குச் செல்வதன்று. மிதிவெடி இல்லாத நிலத்தில் அதனைத் தேடுவதற்கே அது செல்கிறது. எனவே எங்கே தேடவேண்டும் என்பதைப் போலவே எங்கே தேடவேண்டியதில்லை என்பதும் பெறுமதிமிக்க அறிவாகும். வான்படப் பகுப்பாய்வு இந்தத் தேவையிலிருந்தே மனிதாபிமான மிதிவெடி அகற்றலுக்குள் வந்து சேர்ந்தது.

விமானத்திலிருந்து எடுக்கப்படும் படத்திலே மிதிவெடி தெரியும் என்றொரு எண்ணம் பொதுவாக நிலவுகிறது. அதனை முதலில் நீக்கிவிடுவது நன்று. குரோசியாவிற் பரவலாகப் புதைக்கப்பட்ட பீ.எம்.ஏ.-2 என்னும் மிதிவெடியின் விட்டம் 68 மில்லிமீற்றர், பீ.எம்.ஏ.-3 இன் விட்டம் 103 மில்லிமீற்றர். இவை ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு பெரியன; அவையும் மண்ணுக்குள்ளே, பல ஆண்டுப் புல்லுக்கும் புதருக்கும் கீழே கிடப்பன. ஒரு பொருளைப் படத்தில் இன்னதென இனங்காண, அதன் குறுக்கே படத்தின் பல புள்ளிகளாவது அமைதல் வேண்டும். அத்துணை நுண்மையான படம் கிடைத்தாலும், மேலே மூடிய மண்ணைச் சாதாரண ஒளி ஊடுருவாது.

அவ்வாறாயின் படம் எதைக் காட்டுகிறது? மிதிவெடியைப் புதைத்த மனிதரின் சுவடுகளைக் காட்டுகிறது. மிதிவெடி தற்செயலாக எங்கும் வைக்கப்படுவதில்லை. தன் பதுங்குகுழியைக் காக்கவும், எதிரி வரக்கூடிய பாதையை அடைக்கவும், பாலத்தை மறிக்கவும், காட்டு விளிம்பை மூடவும் போர்வீரன் அதனை வைக்கிறான். பதுங்குகுழி, அகழி, மண் அணை, பீரங்கி நிறுத்திய மேடு, திடீரெனக் கைவிடப்பட்ட வண்டிப்பாதை ஆகியன மிதிவெடியைவிட நூறு மடங்கு பெரியவை. அவை வானிலிருந்து தெரியும். குரோசிய ஆய்வாளர் இவற்றை மிதிவெடி இருப்பதற்கான அறிகுறிகள் என வகுத்தனர். இவற்றுக்கு மறுதலையாக, உழுது பயிரிடப்படும் வயல், ஆட்கள் குடியிருக்கும் வீடு, அன்றாடம் வாகனம் செல்லும் வீதி என்பவை மிதிவெடி இல்லாமைக்கான அறிகுறிகள் எனப்பட்டன.

இந்த வாசிப்புக் கலை புதியதன்று. முதலாம் உலகப் போரின் அகழிகளை மேலிருந்து படம்பிடித்து, எறிகணைக்கு இலக்குக் குறித்துக் கொடுத்ததிலேயே வான்பட வாசிப்பு ஒரு துறையாக உருவாயிற்று. அப்போரில் விமான அவதானியாகக் கடமையாற்றிய ஓ.ஜீ.எஸ். குரோபோட் என்னும் ஆங்கிலேயர் 1920களில் அதே திறனைத் தொல்லியலுக்குத் திருப்பினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டி மூடப்பட்ட அகழியின்மேல் வளரும் தானியப்பயிர் அயலிலுள்ள பயிரைவிட உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளர்வதை வானிலிருந்து காணலாம் என அவர் எடுத்துக்காட்டினார். ஒருமுறை கிளறப்பட்ட மண் அதனை எளிதில் மறப்பதில்லை. கொல்வதற்கென வளர்ந்த கலை பின்னர் வரலாற்றுக்கும், இப்போது உயிர்காப்புக்கும் பயன்படுவது சிந்தனைக்குரியது. ஆனால் கலையின் பிறப்பைக் கொண்டு அதன் பயனை மதிப்பிடுவதும் தவறு. பயனைக் கொண்டு பிறப்பை மறப்பதும் தவறு.

குரோசியாவில் மிதிவெடி அகற்றலைப் பொறுப்பேற்று நடத்திய தேசிய மையம் 1998 இல் நிறுவப்பட்டது. சாகிரெப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிலான் பாயிச் முதலிய ஆய்வாளர் அதனோடு இணைந்து தொலையுணர்வு முறைகளை வளர்த்தனர். 2001 தொடக்கம் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 'ஸ்மார்ட்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆய்வுத்திட்டம் நடைபெற்றது. பிரசெல்சிலுள்ள பெல்சிய அரச இராணுவக் கல்விக்கழகமும் ஜேர்மன் விண்வெளி மையமும் வேறு பல்கலைக்கழகங்களும் அதிற் பங்குகொண்டன. விமானமொன்றில் றேடார்க் கருவியையும் பல அலைநீளங்களைத் தனித்தனியே பதியும் கருவியையும் பொருத்தித் தெரிந்தெடுத்த பகுதிகளின்மேற் பறந்து படமெடுத்தனர். போருக்கு முன் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களையும் அவற்றோடு ஒப்பிட்டனர்.

இக்கருவிகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பச்சையிலை செந்நிறக்கீழ்க் கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும். வறண்ட மண் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தோன்றும் இரு வயல்களில் ஒன்று விதைக்கப்பட்ட பயிர், மற்றது தானே முளைத்த களை என்பதை அலைநீளங்களைப் பிரித்து நோக்கி அறியலாம். றேடார் பகலையும் இரவையும் முகிலையும் பொருட்படுத்தாது. அதன் குறுகிய அலைகள் இலைகளின் மேற்பரப்பிலிருந்தே மீளும். நீண்ட அலைகள் இலைத்திரளைக் கடந்து அடிமரத்தையும் நிலத்தையும் தொட்டு மீளும். இரண்டையும் ஒப்பிட்டால் புல்வெளி எது, இளங்காடு எது, பற்றையாக மாறிய பழைய வயல் எது என்பது தெளிவாகும். போருக்கு முந்திய படத்தில் கோதுமை வயலாக இருந்த இடம் பிந்திய படத்தில் பற்றையாக இருக்குமாயின், அங்கே உழவு நின்ற காலம் போர்க்காலமாக இருக்கலாம். அது ஒரு கேள்வியை எழுப்புகிறது: உழவன் ஏன் திரும்பி வரவில்லை?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. முறையின் ஆழமான சிக்கலும் இதுவே. கைவிடப்பட்ட வயல் மிதிவெடிக்கு அஞ்சிக் கைவிடப்பட்டிருக்கலாம். உரியவர் இறந்திருக்கலாம். 1995 இல் குரோசியப் படையின் முன்னேற்றத்தின்போது பெருந்தொகையான சேர்பியர் ஊர்களைவிட்டு ஓடினர். அவர்களின் வயல்கள் மிதிவெடி இல்லாமலேயே காடாயின. பிள்ளைகள் நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட கிழவரின் தோட்டமும் படத்தில் இதே நிறத்தையே காட்டும். பற்றையை இனங்காணக் கருவி போதும். பற்றையின் காரணத்தை அறிய ஊருக்குள் இறங்கி விசாரிக்க வேண்டும்.

உழுத வயல் பற்றிய அறிகுறி இதைவிட நம்பகமானது. ஒரு வயல் பல ஆண்டுகள் தொடர்ந்து உழப்பட்டிருந்தால், அங்கே மிதிவெடி இருந்திருப்பின் அது வெடித்தே இருக்கும். ஆனால் இத்தர்க்கத்தின் உட்பொருளை நாம் கவனியாது விடலாகாது. அந்த வயல் பாதுகாப்பானது என்று நிறுவியவர் யார்? அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திருக்கப் பொருள் வசதியில்லாமல், தன் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு முதன்முதலில் அதற்குள் இறங்கிய உழவனே. வான்படத்தில் 'பாதுகாப்பு' என்று நிறந்தீட்டப்படும் ஒவ்வொரு சதுரமும், யாரோ ஒருவர் தம் காலைப் பணயம் வைத்துச் செய்த பரிசோதனையின் பதிவாகும். ஆய்வறிக்கைகள் இதனை இவ்வாறு சொல்வதில்லை. அவற்றின் மொழியில் இது ஒரு தரவு மாத்திரமே.

'ஸ்மார்ட்' ஆய்வின் விளைவு, சந்தேக நிலத்திற் சராசரியாக ஏறத்தாழக் காற்பங்கை இம்முறையால் விலக்கிவிடலாம் என்பதாகும். அதுவும் இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது. டல்மேசியக் கரையோரத்துக்கு உட்புறமாக உள்ள பிரிஸ்தெக் என்னும் கற்பாங்கான பகுதியிற் கிடைத்த பயன், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கிளின்ஸ்கா பொலியானா என்னும் பள்ளத்தாக்கிற் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் நன்கு அமைந்த விதி மற்றோரிடத்தில் ஏமாற்றிவிடுகிறது. காற்பங்கு என்பது சிறிதெனச் சிலர் கருதக்கூடும். மேலே சொன்ன 1,300 ஆண்டுக் கணக்கை நினைவிற் கொண்டால் அதன் பெறுமதி புலனாகும்.

படத்தின் வேறொரு பயன் இதனினும் எளிமையானது. அதனாலேயே போதிய அளவு பேசப்படாதது. மிதிவெடி புதைத்த படைகள் பல இடங்களிற் பதிவேடு வைத்திருந்தன. 'அகழியின் வளைவிலிருந்து முப்பது அடி தூரம், மூன்று வரிசை' என்பது போன்ற குறிப்புகள் அவற்றில் இருக்கும். போர் முடிந்தபின் அகழி தூர்ந்துவிடும். குறியாக வைத்த மரம் விறகாகிவிடும். பதிவேடு கையிலிருந்தும் அது எந்த இடத்தைச் சுட்டுகிறது என்பது தெரியாமற் போகும். பழைய வான்படத்தில் அந்த அகழியின் வளைவு தெரியுமாயின், பதிவேடு மீண்டும் உயிர்பெறுகிறது. நுட்பமான றேடார்க் கருவியைவிட, உரிய ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு சாதாரணப் படம் சில வேளை அதிகம் உதவுவது இதனாலேயே.

மிதிவெடியையே வானிலிருந்து நேரே காணும் முயற்சிகளும் இல்லாமலில்லை. அவற்றில் வெப்பப்படம் குறிப்பிடத்தக்கது. பகலில் ஞாயிற்றின் வெப்பம் மண்ணினுள் இறங்குகிறது. புதைந்துள்ள பிளாத்திக்குப் பொருள் வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால், அதன்மேலுள்ள மெல்லிய மண்படை அயல் மண்ணைவிட விரைவாகச் சூடாகும். மாலையில் விரைவாகக் குளிரும். ஒரு நாளில் இருமுறை இரண்டும் ஒரே வெப்பநிலையை அடையும். அவ்வேளையில் எதுவும் தெரியாது. எனவே பறக்கும் நேரத்தைத் தெரிந்தெடுப்பதே இம்முறையின் உயிர்நாடி. மண் ஈரமாக இருந்தாலும், புல் மூடியிருந்தாலும், பொருள் ஆழத்திற் கிடந்தாலும் வேறுபாடு மங்கிப்போகும். வடக்குச் சாட் நாட்டின் பாலைநிலத்தில் 2019 தொடக்கம் சிறிய ஆளில்லா விமானங்களிற் பொருத்திய வெப்பக் கமெராக்களைக் கொண்டு மனிதாபிமான நிறுவனமொன்று நடத்திய பரிசோதனைகள் இவ்வகையில் வெற்றியளித்தன. மணல், வறட்சி, தாவரமின்மை ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன. குரோசியப் பற்றைக்காட்டில் அதே கமெராவுக்கு இலைகளின் வெப்பம் தெரியுமேயன்றி மண்ணின் வெப்பம் தெரியாது.

படத்தைக் கணினியே வாசிக்கும் முறை பற்றியும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ஆப்கானித்தானிற் சோவியத்துப் படைகள் வானிலிருந்து தூவிய பீ.எஃப்.எம்.-1 என்னும் மிதிவெடி வண்ணத்துப்பூச்சி வடிவினது. ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளமுடையது. புதைக்கப்படாது நிலத்தின்மேலேயே கிடப்பது. ஐக்கிய அமெரிக்காவின் பிங்காம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆளில்லா விமானப் படங்களில் தானாக இனங்காணக் கணினியைப் பயிற்றி, 2020 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பயிற்சிக்குப் பயன்பட்ட களத்தோடு தொடர்புள்ள படங்களில் 99 வீதத்துக்கு மேல் சரியாக இனங்கண்ட அதே முறை, முன்னர் காணாத வேறொரு களத்தின் படங்களில் 71.5 வீதத்தையே எட்டியது. இரண்டு எண்களையும் மறைக்காது வெளியிட்டமைக்காக அவ்வாய்வாளரைப் பாராட்ட வேண்டும். செய்தித்தாள்களில் முதலாவது எண் மாத்திரம் வருவதே வழக்கம். இரண்டாவது எண்ணின் பொருள் என்ன? ஒவ்வொரு நூற்றிலும் இருபத்தெட்டைக் கணினி காணாது விடலாம். வங்கியிற் காசோலையைச் சரிபார்க்கும் இயந்திரத்துக்கு இவ்வளவு பிழை நட்டம் மட்டுமே. பள்ளிக்கூடம் செல்லும் ஒற்றையடிப் பாதையைச் சரிபார்க்கும் இயந்திரத்துக்கு அவ்வாறு சொல்ல இயலாது.

பிழைகள் இருவகையின. வெறும் நிலத்தை ஆபத்தானதெனச் சொல்லுதல் ஒன்று. ஆபத்தான நிலத்தை வெறும் நிலமெனச் சொல்லுதல் மற்றது. முதலாவதால் உழவன் தன் வயலை இழந்து நிவாரணத்தில் வாழ்கிறான். அது மெதுவான கேடு. எவரும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. இரண்டாவது பிழை ஒரு கணத்தில் நிகழ்வது. அதற்குப் பொறுப்பாளரைத் தேடுவர். ஆகவே நிறுவனங்கள் இயல்பாகவே முதற் பிழையின் பக்கம் சாய்கின்றன; சந்தேகக் கோட்டை அகலமாக வரைந்துவிட்டு அமைதியடைகின்றன. சர்வதேச மிதிவெடி நடவடிக்கைத் தராதரங்கள் நிலத்தை விடுவிப்பதற்கு மூன்று வழிகளைக் கூறுகின்றன: விசாரணையாலும் ஆதாரங்களாலும் சந்தேகத்தை நீக்கல், கருவிகொண்டு ஒரு பகுதியைச் சோதித்துப் பரப்பைக் குறைத்தல், முழுவதையும் துப்புரவாக்கல். நியாயமான முயற்சி அனைத்தும் செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே அத்தராதரங்களின் அளவுகோல். வான்படம் பெரிதும் முதலாவது வழிக்கு உரியது. ஊராரின் வாக்குமூலம், வைத்தியசாலையின் விபத்துப் பதிவு, முன்னாட் போர்வீரரின் நினைவு ஆகியவற்றோடு அதுவும் ஓர் ஆதாரமாகும். குரோசியாவிற் படத்தைத் தனித்து வைத்து எந்த நிலமும் விடுவிக்கப்படலாகாது என்னும் நிலைப்பாடு பேணப்பட்டமையை அம்முறையின் வலிமையாகவே நான் கருதுகிறேன்.

மண்ணும் ஓரிடத்தில் நிற்பதன்று. 2014 மே மாதத்தில் பொஸ்னியாவிலும் அயல் நாடுகளிலும் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது மலைச்சரிவுகள் இடிந்து மிதிவெடிகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துச் சென்றன. அப்போது ஆளில்லா விமானப் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, எந்தச் சரிவு எங்கே போய்ச் சேர்ந்தது என ஆராய்ந்தனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்த போரின் வரைபடத்தை மழை திருத்தி எழுதிய சந்தர்ப்பம் அது.

எமது நாட்டு வாசகர் இவற்றை வாசிக்கையில் முகமாலையை நினையாதிருக்க முடியாது. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஆகிய ஊர்களுக்கு ஊடாகச் சென்ற முன்னரங்கு 2000 முதற் போரின் இறுதிக்கட்டம் வரை பெரிதும் இடம்பெயராது நின்றது. ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்காக இரு தரப்பும் அணை கட்டி, அகழி வெட்டி, மிதிவெடி விதைத்தமையால் உலகில் மிக அடர்த்தியான மிதிவெடி வயல்களில் ஒன்றாக அது ஆயிற்று. குரோசிய முறையின் முதன்மையான பயனாகிய சந்தேக நிலத்தைச் சுருக்குதல் இத்தகைய அடர்ந்த வயலுக்குள் அதிகம் உதவாது. அங்கே ஒவ்வொரு மீற்றரும் அகழப்பட்டே ஆகவேண்டும். அதன் ஓரங்களிலும், போர் நகர்ந்து சென்ற வன்னியின் உட்பகுதிகளிலும், கோடு எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பதிலுமே வான்படத்துக்கு வேலை உண்டு. நுண்ணிய படமெடுக்கும் வணிகச் செய்மதிகள் 1999 முதல் வானில் உள்ளன. அணைகள் இடிக்கப்படுவதற்கும் பற்றை மூடுவதற்கும் முந்திய நிலத்தை அவற்றின் பழைய படங்களிற் காண வாய்ப்புண்டு. மண் அணையின் நிழல் காலைவேளைப் படத்தில் கருங்கோடாக விழும். குண்டுபட்டுத் தலையிழந்த தென்னைகள் வெறுங் குற்றிகளாக நிற்கும். இத்தகைய படத்தை வாசிக்கும் திறன் எமது பல்கலைக்கழகங்களின் புவியியற்றுறைகளுக்குப் புறம்பானதன்று. எனினும் எமது மாணவரின் வான்படப் பயிற்சி நிலப்பயன்பாட்டு வரைபடத்தோடு நின்றுவிடுவதையே பெரும்பாலும் காண்கிறோம்.

இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி தன் நிலத்திலுள்ள மிதிவெடிகளை அகற்றி முடிக்க விதிக்கப்பட்ட தவணை 2028 யூன் 1. அகற்றும் பணியில் ஈடுபட்டுள்ளோரில் அவ்வூர்ப் பெண்கள் பலர். போரிற் கணவனையோ தந்தையையோ இழந்து குடும்பத்தைத் தாங்குவோர் பலர். அணை எவ்வழியாகச் சென்றது, எந்தக் கிணற்றடியிற் காவலரண் இருந்தது, எந்த வளவுக்குள் எவரும் கால்வைத்ததில்லை என்பதை அவர்களும் அவர்களின் அயலவரும் அறிவர். கொழும்பிலோ ஐரோப்பிய நகரொன்றிலோ கணினித் திரையில் விரிக்கப்படும் படத்தை ஒருமுறையேனும் பளைச் சந்தியிலே ஒரு மேசைமேல் விரித்து, அவர்களிடம் காட்டி, அவர்கள் விரல் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொண்ட பின்னரே அதன்மேல் நிறந்தீட்டத் தொடங்கலாம்.